மூடியில் எழுதிய பெயர்

பழைய வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்து
கிளையைத் தூக்கிக்கொண்டு மாதவரம் பக்கம் போனது.
எங்கள் கணக்கும் கூடவே போயிற்று,
வீடு காலி செய்தவர்கள் சாமானோடு
நம் பூனையையும் ஏற்றிக்கொண்ட மாதிரி.

ஒரே கணக்கு.
காசிமேட்டு ஏலக்காரர்கள் ஐஸ் பெட்டிக்குத் தரும் பணம் அதில்தான்,
சின்னவளின் டியூஷன், சிலிண்டர்,
நசரேனின் சர்க்கரை மாத்திரை,
ஐஸ் ஃபேக்டரி பாக்கி எல்லாம் அதிலேயே.
ஒரே கூடையில் உயிர் நண்டுகள்.
எது எதன் காலைத் தின்றதென்று
மாசக் கடைசியில்தான் தெரியும்.

பதினோரு வருஷம்.
"எல்லாம் நம்ம பணம்தானே" என்பான் நசரேன்.
நம்ம என்ற சொல்லுக்கு ஏடிஎம் கார்டு ஒன்றுதான்,
அது அவன் சட்டைப்பையில்.

ராத்திரி பத்தரைக்கு மேல்
கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்க,
சுவர் லேசாக நடுங்க,
ஃபோனில் வங்கி பார்த்தேன்,
மீன் பார்க்கிற மாதிரி, செவுளைத் தூக்கி.
ஒன்று, மினிமம் பேலன்ஸ் வேண்டாம் என்றது;
செவுளுக்குள் சின்ன எழுத்தில்
மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஏதோ கட்டணம்.
இன்னொன்று ஏழு சதவீத வட்டி என்றது.
ஏழுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
தொட்டால், பத்து லட்சத்துக்கு மேல் இருந்தால் மட்டும்.
மேலே இவ்வளவு ஐஸ் கொட்டியிருந்தால்
அடியில் ரெண்டு நாள் மீன் என்று
ஐஸ் பெட்டி விற்கிறவளுக்குத் தெரியாதா.

மூன்றாவதற்குக் கிளையே கிடையாது.
"பூட்டிட்டு ஓடிட்டா எந்தக் கதவைத் தட்டுவே?"
நியாயமான கேள்விதான்.
சீட்டு பிடித்த சேசம்மாவுக்குக் கதவு இருந்தது.
தட்டினோம். கதவு மட்டும்தான் இருந்தது.
ரிசர்வ் வங்கிப் பட்டியலில் தேடினேன், பெயர் இருந்தது.
அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் என்றேன்.
அதைத் தாண்டினால் அப்போது பயப்படலாம்.

வீட்டுக் கணக்கு சுலபம்.
முகம் காட்டு, கண் சிமிட்டு,
பான் கார்டைக் கன்னத்தோரம் பிடி.
வியாபாரக் கணக்குக்கு உத்யம் பதிவு வேண்டுமாம்.
தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில்
"கடை பேர் சொல்லுங்கக்கா" என்றான் பையன்.

பேரா.
டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கடை என்பார்கள்.
நசரேன் பொஞ்சாதி கடை என்பார்கள்.
பின்னால் ரெண்டு பேர் காத்திருந்தார்கள்.
நான் சொன்னதை அவன் திருப்பிக்கூடக் கேட்கவில்லை,
தட்டிவிட்டான். எண்பது ரூபாய்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ஒரு பெண் வந்தாள்.
எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாளோ,
கழுத்தில் அடையாள அட்டை, தொண்டையில் ஜலதோஷம்.
"கடையைக் காட்டுங்க மேடம்."
காட்டினேன். ஆள் உயரத்துக்குத் தெர்மகோல் அடுக்கு,
தராசு, டேப் ஒட்டும் மேசை.
"பேர்ப்பலகை?"
ஒரு லாரி ஹாரன் அடித்து எனக்கு அரை நிமிஷம் தந்தது.
பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து எடுத்து
மார்க்கரால் பெரிதாக எழுதினேன்,
நசரேனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.
"தலைகீழா இருக்கு சார்" என்றாள் அவள்.
திருப்பும்போதுதான் படித்தான்.
ஜெசிந்தா ஐஸ் பாக்ஸ்.
ஒன்றும் சொல்லவில்லை.
மூடியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தான்,
முகம் மறையும் அளவுக்கு.

இப்போது கணக்கு ரெண்டு.
முதல் மாசம், கடையிலிருந்து வீட்டுக்கு
எட்டாயிரம் அனுப்பப் போனேன்.
எதற்காக என்று கேட்டது:
வாடகை, கடன், பரிசு, சம்பளம், மற்றவை.
விரல் கொஞ்ச நேரம் மற்றவையின் மேலேயே இருந்தது,
பழக்க தோஷம்.
அப்புறம் சம்பளத்தை அழுத்தினேன்.
ஈர விரல், ரெண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

அந்த மூடியா?
மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு
அவசரத்தில் எவனோ அதைப் போட்டே மூடி
முப்பது கிலோ வஞ்சிரத்தோடு
கேரளா வண்டியில் ஏற்றிவிட்டான்.
பணம் மட்டும் சரியாக வந்திருந்தது.